விரலை மடக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், பீரோவின் அடித்தட்டில் சுருட்டி வைத்திருக்கும் பருத்திக் கயிறுகள் இரண்டையும் எடுத்து ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறப்போடுவேன். மறுநாள் காலை கொடிக்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டிக் காயவிடுவேன். விடுமுறை முழுக்கச் சுருண்டு கிடந்த கயிறு அப்போதுதான் நிமிரும். காய்ந்தபின் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு முடிச்சையும் அளப்பேன். முடிச்சுக்கு முடிச்சு 40 சென்டிமீட்டர். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அவசரமில்லாமல் எடுத்துவைக்கும் ஓர் எட்டு அவ்வளவுதான். முதலில் தேங்காய்நார்க் கயிறு வைத்திருந்தேன், வெறுங்காலைக் குத்தியது. நைலான் கயிறு வாங்கினேன். முடிச்சு வழுக்கி இடம் மாறியது. காலையில் நாலாக இருந்த இடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலரை ஆகிவிடும். பருத்திதான் முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். இது தெரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

இரண்டு கயிறு, ஒரு பித்தளைச் சொம்பு, கோலமாவு, கொஞ்சம் சோடா மூடி, ஒரு பழைய வேட்டி. ஓர் இடத்தை இரண்டு எண்களால் சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு வேண்டியவை இவைதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் 27 வருடமாக இந்தக் கயிற்றை விரித்துச் சுருட்டுகிறேன். பயிற்சி முடித்துப் புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் சிலர் அதைப் பார்த்துவிட்டு, "இத எப்படி டீச்சர் நடத்துறீங்க?" என்று கேட்பதுண்டு. நின்றபடி பத்து நிமிடத்தில் சொல்லக்கூடியதாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் வருடம் இதை நான் கரும்பலகையில்தான் நடத்தினேன். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, எண்கள், அம்புக்குறி. பிள்ளைகள் கணீரென்று ஒப்பித்தார்கள். நோட்டில் எல்லாருக்கும் சரி போட்டேன். பாடக்குறிப்பேட்டைக் கையெழுத்துக்கு வைத்தேன். எங்கள் தலைமை ஆசிரியரைப் பிள்ளைகள் பெரிய சார் என்பார்கள். எனக்கும் அவர் பெரிய சார்தான். கையெழுத்துப் போடாமல் வகுப்புக்கு வந்தார். பலகையில் நான் போட்டிருந்த கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"நான் போர்டைப் பாக்க மாட்டேன். புள்ளி எங்க இருக்குன்னு சொல்லு."

வகுப்பில் முதலாக வரும் பெண் எழுந்து, "அங்க சார்" என்றாள்.

"அங்கன்னா எங்க?"

"அதோ, அங்க."

கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அவளுக்கு உதவியாக வகுப்பே கையை நீட்டியது. சார் திரும்பவில்லை. "எல்லாரும் விரலை மடக்கிக் கையைப் பின்னால கட்டுங்க" என்றார். அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. ஒரு பையன் மெல்ல, "சார், கீழேந்து மூணாவது... இல்ல, இந்தப் பக்கத்துலேந்து..." என்று இழுத்தான். ஒரு வாரமாக நான் நடத்திய பாடத்துக்குள் ஒரு பிள்ளை நுழைந்தது அந்த நொடியில்தான். வெளியே வந்ததும் சார் சொன்னார்: "பக்கத்துல நிக்கிறவனுக்கு விரலே போதும்மா. எண்ணு, பாக்காதவனுக்கு. நீ எல்லாரையும் பாக்க வெச்சுட்டு எண்ணைக் கேக்குற."

இன்றைக்கும் நான் நடத்துவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். என் கட்டத்தை இன்னொருவர் பார்க்க முடியாமல் செய்தால் எண்ணுக்குத் தேவை பிறக்கிறது. தேவை பிறந்தபின் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான்.

வேட்டி அதற்காகத்தான். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிக்கு வேட்டியைக் கட்டி, இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை உட்கார வேண்டும். இருவர் மடியிலும் ஒரேமாதிரி ஆணிப்பலகை. ஒருவர் தன் பலகையில் ஓர் ஆணிக்குச் சோடா மூடி மாட்டிவிட்டுச் சொல்லுவார். மற்றவர் கேட்டு அதே ஆணியில் மாட்ட வேண்டும். பிறகு வேட்டியைத் தூக்கிப் பார்ப்போம். சோடா மூடியின் நடுவில் ஓட்டை போட்டு, ஓரத்தைச் சுத்தியலால் தட்டி மழுக்கிவிடுங்கள். நான் மறந்த ஒரு தடவை ஒரு குழந்தையின் விரல் கிழிந்தது.

ஆணிப்பலகையைக் கடையில் வாங்காதீர்கள், கையால் செய்யுங்கள். 30 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு மாமரப் பலகை. பழப்பெட்டிப் பலகை ஆணிக்குப் பிளந்துவிடும். ஓரத்தில் 3 சென்டிமீட்டர் விட்டு, 4 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக இரண்டு பக்கமும் ஏழேழு கோடு. கோடுகள் வெட்டும் இடங்களில் 49 ஆணி. கோட்டை ஸ்கேலால் போடலாம். பெரிய சார் நூலால் போடுவார். சாக்பீஸ் தூளில் நூலைப் புரட்டி, ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைத் தன் இடதுகைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, வலதுகையின் இரண்டு விரலால் நூலைக் கொஞ்சம் தூக்கிச் சுண்டுவார். தச்சர் மரத்தில் நூல் அடிப்பதுபோல ஒரு வெள்ளைக் கோடு, முடி கனத்தில், அலுங்காமல் விழும். கரும்பலகைக்கும் அப்படித்தான். அவர் சுண்டிய கட்டத்தைத் துடைக்க மனம் வராமல் ஒரு வாரம் வைத்திருந்திருக்கிறேன்.

நான் செய்த முதல் பலகையில் கோடு போடச் சோம்பல்பட்டுக் கண்ணளவாக ஆணி அடித்தேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ரப்பர்பேண்டை நான்கு ஆணியில் மாட்டினால் சதுரம் சாய்ந்தது. ஒரு பெண், "எங்க மூடி நேராத்தான் இருக்கு, பலகதான் டீச்சர் கோணல்" என்றாள். 49 ஆணியையும் குறடால் பிடுங்கி, ஓட்டைகளில் மரத்தூளும் கோந்தும் அடைத்து, பலகையைத் திருப்பிப் போட்டுப் புதிதாக நூல் சுண்டினேன். கண்ணுக்குப் பிடித்த கட்டத்தில் எண் நிற்காது.

வேட்டி விளையாட்டின் முதல் இரண்டு நாளும் சண்டைதான் நடக்கும். நடக்க விடுங்கள். "நீ மேலேந்து எண்ணினியா, கீழேந்தா?" "நான் இந்தப் பக்கத்துலேந்து." "எந்தப் பக்கம்?" "என் பக்கம்!" நடுவில் நாம் புகுந்து விதியைச் சொல்லிவிட்டால் அது டீச்சர் விதி. பிள்ளைகள் சண்டைபோட்டு எழுதிக்கொண்ட விதி அவர்களுக்கு மறக்காது. எங்கிருந்து ஆரம்பிக்கிறோம், எந்தப் பக்கமாக முதலில் போகிறோம் என்ற இரண்டு கேள்விக்கும் இரண்டு பேரும் ஒரே பதில் சொல்லாவிட்டால் வேட்டிக்கு அந்தப் பக்கம் மூடி வேறு ஆணியில்தான் இருக்கும். இதை அவர்களே கண்டுபிடித்து, "டீச்சர், மொதல்ல ஒரு மூலைய முடிவு பண்ணணும்" என்று வந்து சொல்லும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது இந்த வேலையிலேயே கடினமான பகுதி. எனக்குப் பிடிபட ஏழெட்டு வருடம் ஆனது. இன்றைக்கும் சில நாள் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர்கள் வந்து சொன்ன அன்றைக்குச் சொம்பை எடுப்பேன். இரண்டு கயிற்றையும் தரையில் விரித்துப் போட்ட கட்டத்துக்கு மேல் கீழ் கிடையாது. சுற்றி நாலு பக்கமும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தனின் இடம் இன்னொருத்தனுக்கு வலம். சொம்பை ஒரு மூலையில் வைத்து, "யாரா இருந்தாலும் இங்கேந்துதான்" என்று வைத்துக்கொண்டோமானால் பாதிக் குழப்பம் தீரும். உயர்நிலைப் பள்ளியில் அதற்கு ஆதிப்புள்ளி என்று பெயர் வரும். எங்கள் பள்ளியில் அது சொம்புமூலை.

அடுத்து வரும் தப்பு வருடம் தவறாமல் வரும். சொம்புமூலையில் நிற்கும் பிள்ளை, நின்ற இடத்தையே "ஒண்ணு" என்று எண்ணிவிடும். நான்கு என்றால் மூன்றாவது முடிச்சில் போய் நிற்கும். பலமுறை திருத்தியும் போகவில்லை. ஒரு மதியம் இரண்டு பெண்கள் திண்ணையில் பல்லாங்குழி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழியிலிருந்து முத்தை அள்ளுகிறாள். அடுத்த குழியிலிருந்துதான் ஒவ்வொன்றாகப் போடுகிறாள். அள்ளிய குழியை எண்ணுவதில்லை. அது வெறுங்குழி. பல்லாங்குழிப் பலகையைக் கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து அவளையே நடத்தச் சொன்னேன். "சொம்பு இருக்குற எடம் அள்ளுன குழிடா. அங்க ஒண்ணும் இல்ல. ஒரு எட்டு வெச்சாத்தான் ஒண்ணு." அதற்குப் பிறகு பூச்சியத்தை நான் சொல்லிக்கொடுப்பதில்லை. வருடா வருடம் பல்லாங்குழி ஆடும் பிள்ளை ஒன்று சொல்லிக்கொடுக்கிறது.

இனி நான் சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் சறுக்கும் இடம் இது. கட்டத்துக்குப் பெயர் வைப்பது வேறு. கோடுகள் வெட்டும் புள்ளிக்குப் பெயர் வைப்பது வேறு. தாயம் ஆடும்போது காய் கட்டத்துக்குள்ளே உட்காரும். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடும் புலியும் கோடு வெட்டும் புள்ளியில் உட்காரும். இரண்டையும் ஆடத் தெரிந்த பிள்ளைக்குக்கூட, தாளில் எண்ணைப் போட்டதும் இது குழம்பும். காரணம் நாம்தான். கட்டத்துக்குப் பெயர் என்றால் எண்ணைக் கோடுகளுக்கு நடுவில் எழுத வேண்டும். புள்ளிக்குப் பெயர் என்றால் எண்ணைக் கோட்டின்மேலேயே எழுத வேண்டும். எனக்கு வேலை மிச்சம் பிடிக்கும் எண்ணம் வந்து, ஒரே சார்ட்டில் முதல் வாரம் நடுவிலும் அடுத்த வாரம் கோட்டின்மேலும் எண் எழுதினேன். அந்த வருடத்துப் பிள்ளைகள் கடைசிவரை புள்ளியைக் கட்டத்தின் நடுவயிற்றில்தான் வைத்தார்கள். அவர்கள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனபோது எனக்கு மனது உறுத்தியது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் கட்டம் மட்டும். ஒரு பக்கம் எழுத்து, ஒரு பக்கம் எண்: க3, ச5 என்று. நான்காம் வகுப்பில் புள்ளி மட்டும். இரண்டு பக்கமும் எண். தரையும் வேறு. மூன்றாம் வகுப்பில் டைல்ஸ் போட்ட தரை. டைல்ஸின்மேல் பிள்ளையை நிற்கச் சொன்னால் கால் தானாகவே சதுரத்துக்குள் போகும்; இணைப்புக் கோட்டில் நிற்கச் சொன்னால் நிற்காது. காலின் அந்த விருப்பத்தோடு சண்டை போடாமல் அதைக் கட்டத்துக்கு வைத்துக்கொண்டேன். புள்ளிக்கு வாசல் சிமெண்டுத் தரையும் கோலமாவும். கோலப் புள்ளியைப் பார்த்த பிள்ளை அதற்குப் பக்கத்தில் நிற்காது. புள்ளியின்மேல்தான் கட்டைவிரலை வைக்கும்.

2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாடு நடந்த வருடம் எங்கள் பிள்ளைகளும் சதுரங்கப் பலகை முன்னால் உட்கார்ந்தார்கள். 64 கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயர் உண்டு என்று தெரிந்ததும், "இது நம்ம க3தான் டீச்சர்" என்று நாலாம் வகுப்புப் பையன் சொன்னான். அந்த வருடம் மூன்றாம் வகுப்புப் பாடம் பாதி நாளில் முடிந்தது.

ஆனால் கட்டம் படிக்க நம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம்கூட வேண்டாம். உயிர்மெய் அட்டவணை சுவரிலேயே தொங்குகிறது. மேலே 12 உயிர், இடப்பக்கம் 18 மெய், உள்ளே 216 கட்டம். ம் வரிசையில் போய் ஓ-வுக்குக் கீழே நின்றால் மோ. ஒன்றாம் வகுப்பிலிருந்து குச்சியை வைத்து இதை ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, இரண்டு பெயர் சேர்ந்தால் ஓர் இடம் என்பது புதுச் செய்தி அல்ல. எனக்கே இது பத்து வருடம் கழித்துத்தான் உறைத்தது. அட்டவணையைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு, "ம் வரிசை, ஓ" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி குச்சியை மோ-வில் வைப்பாள். குறும்புக்காரப் பையன் ஒருவன் மாற்றிச் சொன்னான்: "ஓ, அப்புறம் ம்." குச்சியை வைத்திருந்தவள் கொஞ்சம் யோசித்து, "அது மோ இல்லடா, அது ஓம்" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு எழுத்தும் அதேதான். முன்னது பின்னது மாறினால் வேறு சொல். (2, 5) வேறு, (5, 2) வேறு என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த பாடத்தை அவள் ஒரு மூச்சில் முடித்துவிட்டாள். இப்போது எண் ஜோடியை மாற்றி வைக்கும் பிள்ளையிடம் நான் "தப்பு" என்று சொல்வதில்லை. "மோ கேட்டேன், ஓம் குடுத்திருக்க" என்பேன். சிரித்துக்கொண்டே மாற்றி வைக்கும்.

எது முன்னது என்பதற்குப் பெரிய சார் வைத்திருந்த சொல்: "வரப்புல நட, மரத்துல ஏறு." எங்கள் பக்கத்தில் தென்னை வரப்பில் நிற்கும். காய் பறிக்கப் போகிறவர் முதலில் வரப்போடு நடந்து மரத்தடிக்குப் போக வேண்டும். பிறகுதான் ஏற முடியும். மரத்தடிக்குப் போகாமல் எதன்மேல் ஏறுவது? முதல் எண் நடை, இரண்டாம் எண் ஏற்றம். மரமேறுகிறவர் வீட்டுப் பிள்ளை ஒன்று ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தது. அதையே முதலில் நடக்கவைப்பார். ஒருமுறை பள்ளிக்குப் பின்னால் வயல் எல்லையைச் சரிபார்க்க நில அளவர் வந்தார். ஒரு நேர்கோட்டில் நாடாவை இழுத்துக்கொண்டே போய், குறித்த தூரத்தில் நின்று, செங்கோணத்தில் திரும்பி, வரப்பின் வளைவுவரை அளந்து எழுதிக்கொண்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கூட்டமாகக் கத்தினார்கள்: "வரப்புல நடந்துட்டாரு, ஏறப் போறாரு!"

எண்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழகாத ஆசிரியர் முதல் உதாரணமாக (3, 3) என்று எழுதுவார். அதில் மாற்றி நடந்தாலும் சரியாகத்தான் வரும், தப்பு ஒளிந்துகொள்ளும். (2, 3) என்பதும் கெடுதல். மாற்றினால் பக்கத்துப் புள்ளிக்குத்தான் போகும், பிள்ளை கைதவறி விட்டதென்று நினைத்துக்கொள்ளும். (1, 6) கொடுங்கள். மாற்றினால் கட்டத்தின் எதிர்மூலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். தப்பு வெளிச்சத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் பிள்ளையே பார்த்துத் திரும்பும். அதற்கடுத்து (4, 0) கொடுங்கள். நடந்தாயிற்று, ஏற வேண்டியதில்லை. சிலர் ஒரு நிமிடம் அந்தரத்தில் நிற்பார்கள். நிற்கட்டும்.

கோலமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சரிசி மாவில்தான் முதலில் புள்ளி வைத்தோம். இடைவேளை முடிந்து வந்தால் மூன்றாம் வரிசையில் பாதியைக் காணோம். "எறும்பு நம்ம புள்ளியத் தின்னுடிச்சு டீச்சர்." அப்போது காணாமல் போன புள்ளிகளின் பெயரைச் சொல்லச் சொன்னேன், இல்லாத புள்ளிக்கும் பெயர் இருக்கிறது என்பது அன்றைய பாடமாயிற்று. இப்போது கல்மாவு. மாவை விரல்நுனியில் கிள்ளி, மணிக்கட்டை அசைக்காமல் விட வேண்டும். ஆண்பிள்ளைகளையும் புள்ளி வைக்கச் சொல்லுவேன். முதல் நாள் பரவிப் போகும். நான்காம் நாள் குன்றிமணி அளவில் நிற்கும்.

மார்கழியில் ஒரு தடவை ஒரு பெண்ணை ஏழு புள்ளி வைக்கச் சொல்லிவிட்டு வருகைப் பதிவேடு எழுதப் போனேன். திரும்பி வந்தால் நேர்ப்புள்ளிக்குப் பதில் ஊடுபுள்ளி வைத்திருந்தாள். அவள் வீட்டு வாசலில் அந்த மாதம் அதுதான். அடுத்த வரிசை, இரண்டு புள்ளிக்கு நடுவே. கயிற்றின் முடிச்சுக்கு நேரே பார்த்தால் புள்ளியே இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஒருவன் அந்தப் புள்ளியின்மேல் காலை வைத்து, "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல டீச்சர், மூணரை" என்றான். மூன்றரை, ஒன்று. அதற்கு முன் பாதி எண்களைத் தொடக்கப் பள்ளியில் எடுக்கலாம் என்று நான் நினைத்ததில்லை. இப்போது மார்கழி வந்தால் வேண்டுமென்றே ஊடுபுள்ளி.

தரையிலிருந்து தாளுக்குப் போவது தனி வேலை. தரையில் "தள்ளிப் போ" என்பது சுவரில் தொங்கும் சார்ட்டில் "மேலே போ" என்று ஆகிவிடுகிறது. நமக்கு இது தெரிவதே இல்லை. பிள்ளைக்கு உலகமே நிமிர்ந்துகொண்ட மாதிரி. தரையில் தப்பே செய்யாத பிள்ளைகள் சுவரைப் பார்த்து விழிப்பார்கள். இதற்குப் பெரிய சாரின் கைவழி ஒன்று உண்டு. பெரிய சார்ட்டைத் தரையில், சுவரோரமாக, சொம்புமூலை நம் பக்கம் வருவதுபோல் விரிப்பார். அதில் நாலைந்து புள்ளி வைத்து முடித்தபின், இரண்டு பிள்ளைகளை எதிர் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லி, கீழ் ஓரம் தரையைவிட்டு நகராமல் மெல்ல மெல்லத் தூக்கிச் சுவரில் சாய்க்கச் சொல்லுவார். தூக்கும்போது நடுவில் நிறுத்தி, "இப்ப (2, 4) எங்க?" பாதிச் சாய்வில் ஒரு முறை, முழுதாகச் சாய்ந்தபின் ஒரு முறை. புள்ளி எங்கும் போகவில்லை என்று கண்ணே ஒத்துக்கொள்ளும். அவசரப்பட்டுச் சட்டென்று தூக்கினால் பலன் இல்லை. ஒரு சார்ட்டைத் தூக்க அவர் கால்மணி நேரம் எடுத்துக்கொள்வார். இதற்குப் பிறகுதான் கட்டம் போட்ட நோட்டு.

ஒரு பையன் இருந்தான். இரண்டு வருடம் என் வகுப்பில் உட்கார்ந்தும் எழுந்து நின்று ஒரு பதில் சொன்னதில்லை. கேட்டால் கண் கலங்கிவிடும். வேட்டி விளையாட்டில் அவனை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அவன் முறை வந்தபோது வேட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "ஆறு... ரெண்டு." எனக்குப் பழக்கமில்லாத குரல். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை, அதனால் பேசினான். இந்தப் பக்கம் இருந்தவள் சரியான ஆணியில் மாட்டினாள். வேட்டியைத் தூக்கியதும் அவன் தன் பலகையையும் அவள் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். தான் சொன்ன சொல் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்திருப்பதை அப்படிப் பார்த்தான். அதற்குப் பிறகு நாள்தோறும் வேட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவன் பொறுப்பு.

நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, அப்பாவின் ஜக்கார்டு டிசைன் வரைந்த கட்டத்தாளைக் கொண்டுவந்தாள். மயில் ஒன்று முழுக்கக் கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தது. மறுநாள் அவள் அப்பாவையே வரச் சொன்னேன். "கட்டத்துல ஒரு வரிசை, தறியில ஒரு அட்டை. கட்டத்துல அடச்ச எடத்துல அட்டையில ஓட்ட. ஒரு கட்டம் தப்பினா மயில் மூக்கு கோணிடும்மா" என்று பிள்ளைகளிடம் சொன்னார். அவர் பேசியது கால்மணி நேரம். அன்றைக்கு யாரும் நோட்டில் கட்டம் தவறவில்லை.

எல்லாம் தெரிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த காலத்தில் கைப்பேசி வந்தது. ஐந்தாம் வகுப்புக்கு நம் ஊரை உலக உருண்டையில் காட்டலாம் என்று வரைபடத்தைத் திறந்தேன். கும்பகோணம்: 10.96, 79.38. எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு உருண்டையைக் கொடுத்தேன். பிள்ளைகள் நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தார்கள். முதல் எண் நடை: கிழக்கே பதினொன்று. இரண்டாம் எண் ஏற்றம்: வடக்கே எழுபத்தொன்பது. விரல் வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வே நாட்டுக்குரிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் போய் நின்றது. பனிக்கட்டி. கைப்பேசி வடக்கு எண்ணை முதலில் சொல்கிறது. நான் நடையை முதலில் சொல்லிக்கொடுத்திருந்தேன். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. வரப்பு முதலில் என்பதை ஊர் ஒப்பந்தமாகச் சொல்லாமல் இயற்கை விதிபோலச் சொல்லி வைத்தது நான். அதை அவர்களிடமே ஒத்துக்கொண்டேன். பிறகு, அந்தத் தீவுக்கூட்டத்தில்தான் நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருக்கிறது என்று சொன்னதும், "அப்ப அங்கயும் நம்மாளு இருக்காங்களா?" என்று மகிழ்ந்துபோனார்கள். இப்போதெல்லாம் புது வரைபடம் எதைப் பார்த்தாலும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல எது முதல்ல டீச்சர்?"

அதே வகுப்புக்குத் தஞ்சாவூர்க் கதையும் சொல்லுவேன். 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து லாம்ப்டன் தொடங்கிய நில அளவை தெற்கே வந்தபோது, நம் பக்கம் மலை இல்லாததால் கோயில் கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றிக் கோணம் பார்த்தார்கள். 1808-இல் பெரிய கோயிலில், சுமார் அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் குறித்த வட்டம் நெளிந்துபோனது. அவர் வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். பிள்ளைகள் லாம்ப்டனைப் பற்றிக் கேட்பதில்லை. என்ன கயிறு, எத்தனை பிரி, யார் இழுத்தார்கள் என்றுதான் கேட்பார்கள். சரியான கேள்விகள்.

கடைசியாக ஒன்று. மூன்று வருடத்துக்கு முன் கயிற்றை விரித்திருந்தபோது ஒரு பெண் சொம்புமூலையில் நின்று, வலப்பக்கம் நடப்பதற்குப் பதிலாக இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்துக் கயிற்றுக்கு வெளியே போய் நின்றாள். "டீச்சர், நான் இப்ப நிக்கிற எடத்துக்கு என்ன பேரு?"

அது ஆறாம் வகுப்பில் வரும் பாடம், உள்ளே வா என்று சொல்லிவிட்டேன். வந்துவிட்டாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு அதே இடத்தில் நிற்கச் சொல்லி, "பேரு நீங்களே வைங்க" என்றேன். நாலு பேர் கூடிப் பேசினார்கள். "பின்ரெண்டு" என்று வைத்தார்கள். சொம்புக்குப் பின்னால் இரண்டு.

அந்த வருடம் கயிறு நைந்திருந்தது. புதுக் கயிறு வாங்கி முடிச்சுப் போடும்போது, சொம்பு வைக்கும் முடிச்சுக்கு இடப்பக்கம் மூன்று முடிச்சு நீளமாக விட்டுக்கொண்டேன். விரிக்கும்போது அந்த நீளத்தைச் சுருட்டிச் சொம்புக்கு அடியில் வைத்துவிடுவேன். இந்த வருடம் இன்னும் யாரும் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.